ஏரிக்கரைக் கூடாரம்: நீரோரத்து இடமா, மரங்களுக்குப் பின்னாலா?

புதுக்குடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற அக்டோபரில் வேலை நிமித்தம் கோவையிலிருந்து கனடாவின் ரெஜைனாவுக்குக் குடிவந்தோம். முதல் குளிர்காலத்தை ஒருவழியாகக் கடந்துவிட்டோம். இப்போது அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் போதும், ஆளாளுக்கு "லேக்குக்குப் போகிறோம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். எந்த ஏரி என்று நாமாகக் கேட்டால்தான் பெயர் சொல்கிறார்கள். கேட்காவிட்டால் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரே ஓர் ஏரிதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டிலும் ஆசை வந்துவிட்டது.

ஜூன் கடைசி வாரத்தில், கனடா தினக் கூட்டத்துக்கு முன்பாக, மூன்று இரவுகள் ஏரிக்கரை முகாமில் கூடாரம் அடித்துத் தங்க எண்ணியிருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா (வயது 66) என ஐந்து பேர். காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே படுக்கிற டிரெய்லர் வண்டி கிடையாது. ஆறு பேர் படுக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்த கூடாரம் ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கியிருக்கிறோம். ஆள் நிமிர்ந்து நடமாடலாம். நான்கு சுவர்களும் நேராக நிற்கும். சுவரின் மேல்பாதி வலை. மழைக்காக உச்சியில் மட்டும், தொப்பி வைத்ததுபோல, சிறிய விரிப்பு ஒன்று உண்டு.

பஃபலோ பவுண்ட், எக்கோ வேலி, டக்ளஸ் ஆகிய மூன்று மாகாணப் பூங்காக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரைபடத்தைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே குழப்பம்தான் எழுகிறது. காலையில் கண்விழித்தால் எதிரே தண்ணீர் தெரியும்படி கரையை ஒட்டிய இடத்தை எடுப்பதா, அல்லது இரண்டு வரிசை தள்ளி மரங்களுக்கு நடுவே எடுப்பதா? ஏரிக்குப் போய் ஏரி தெரியாமல் படுத்துக்கொள்வதில் என்ன பொருள் என்கிறாள் மனைவி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் அலுவலக நண்பர் ஒருவர் நான் வாங்கிய கூடாரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருளையும் யாராவது விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

ஓரத்துமரம் எழுதியது:

புதுக்குடி அவர்களுக்கு வணக்கம். உங்கள் நண்பர் சிரித்ததன் பொருளை என்னால் சொல்ல முடியும். ஏனெனில் பதினோரு ஆண்டுகளுக்கு முன் அதே போன்ற கூடாரத்தை வாங்கி, அதே போன்ற சிரிப்பைப் பெற்று, இரண்டாவது இரவில் காற்றுக்கு அதைப் பறிகொடுத்தவன் நான்.

பிரெய்ரி எனப்படும் இந்தப் புல்வெளிச் சமவெளியில் கூடாரம் அடிப்பவர் முதலில் கேட்க வேண்டியது காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்பதைத்தான். ஏரி எந்தப் பக்கம் தெரியும் என்பது அதற்குப் பிறகு. மலைநாட்டிலும் காட்டுப் பகுதியிலும் காற்று எதிலாவது மோதி வேகம் இழந்துதான் நம்மிடம் வருகிறது. இங்கோ வயல்வெளியைக் கடந்து வருகிற காற்றுக்குத் தடையே இல்லை, அதிலும் நீர்ப்பரப்பின்மேல் வரும்போது உரசிக்கொள்ளப் புல்கூட இல்லை. கரையை ஒட்டிய முதல் வரிசையில் நேர்ச்சுவர்க் கூடாரத்தை நிறுத்துவது பாய்மரம் கட்டுவதற்குச் சமம். நெகிழ்கம்பிகள் குறுக்காக வளைந்து கவிழ்த்த கிண்ணம்போல் நிற்கிற தாழ்ந்த கூடாரம்தான் இந்த நிலத்துக்கு ஏற்றது. அதன்மேல் போடுகிற மழைவிரிப்பும் தரைவரை இறங்க வேண்டும். அது மழையைத் தடுப்பதோடு, பக்கவாட்டில் அடிக்கிற மணலையும் இரவுக் குளிரையும் தடுக்கும். உங்கள் கூடாரத்தை இன்னும் திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுத்துவிடுங்கள். முடியாதென்றால் மரங்களுக்குப் பின்னால் போங்கள்.

மரங்கள் என்றதும் ஓங்கி வளர்ந்த பெரிய மரமாகப் பார்த்து அதனடியில் போய்விடாதீர்கள். இங்கே முகாம்களில் நிற்பவை பெரும்பாலும் பாப்லர், பச்சை ஆஷ், மனிடோபா மேப்பிள் ஆகியவை. முதிர்ந்த பாப்லர் காற்றில் கிளையை முறித்துப் போடும் சுபாவம் உள்ளது. குட்டையாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்த புதர்வரிசைதான் நல்ல காவல். அதற்குப் பின்னால், காய்ந்த கிளை எதுவும் தலைக்கு மேல் இல்லாத இடமாகப் பாருங்கள். புயல்கள் பெரும்பாலும் மேற்கு அல்லது தென்மேற்கிலிருந்து வருவதால் கூடாரத்தின் குறுகிய பக்கத்தை அந்தத் திசைக்குக் காட்டி, வாசலை எதிர்ப்புறம் வையுங்கள். தண்ணீர் தெரிகிற பக்கம் வாசல் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், அந்த அடம் எத்தனை மணி வரை நிற்கிறது என்று பாருங்கள்.

அடுத்து முளைகள். கூடாரத்தோடு பைக்குள் வருகிற மெல்லிய கம்பி முளைகள் வீட்டுப் புல்தரைக்குத்தான் சரி. இங்குள்ள பல இடங்களில் டிரெய்லர் நிற்பதற்காகச் சரளை கொட்டி இறுக்கியிருப்பார்கள். அதில் அந்த முளை அரை அங்குலம்கூட இறங்காமல் வளைந்துவிடும். தச்சுக் கடையில் பத்து அங்குல எஃகு ஆணிகள் விற்பார்கள். அவற்றில் இருபதும், தலைப்பக்கம் வளையம் போடப் பெரிய வாஷர்களும், ஒரு நல்ல சுத்தியலும் வாங்கிக்கொள்ளுங்கள். மணலில் இதற்கு நேர்மாறாக எல்லா முளையும் இறங்கும், எதுவும் நிற்காது. அங்கே ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, அதன் கழுத்தில், கூடாரத்தை விறைப்பாகப் பிடிக்கும் இழுகயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குழிதோண்டிப் புதைத்து மிதித்துவிட வேண்டும். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் அந்தப் பை அசையாது. இழுகயிறுகளை அலங்காரம் என்று நினைத்துப் பையிலேயே விட்டுவிடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. கூடாரத்தைக் கம்பி நிறுத்துகிறது, கயிறுதான் காப்பாற்றுகிறது.

இடிமழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை, பகல் முழுதும் புழுங்கிவிட்டு மாலையில் மேகம் கட்டுவது இங்கே வழக்கம். அந்த மேகத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று தொபுக்கென்று தரையில் விழுந்து, நான்கு பக்கமும் பரவி, மழைக்குப் பல நிமிடங்கள் முன்பாகவே வந்து அறையும். இதில் மிகக் கடுமையானதை இங்குள்ள விவசாயிகள் "பிளவ் விண்ட்" என்பார்கள், அதாவது ஏர்க்காற்று. உழுதுகொண்டு போவதுபோல ஒரே திசையில் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் போகும். சுழல்காற்று இல்லாமலே தானியக் களஞ்சியங்களை உருட்டிவிட்டுப் போகிற காற்று அது. கைபேசியில் தானாக அலறுகிற அவசர எச்சரிக்கை எல்லா இடிமழைக்கும் வராது. சுழல்காற்றுக்கும் மிகக் கடுமையான இடிமழைக்கும்தான் வரும். ஆகவே கனடா வானிலைத் துறையின் செயலியை இறக்கிக்கொண்டு, மாலை நான்கு மணிக்கு ஒருமுறை ரேடார் படத்தைப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே கருத்து வருகிறது, காற்று திடீரென்று நின்றுவிட்டது என்றால், கம்பிகளை உருவிக் கூடாரத்தைத் தரையோடு படுக்க வைத்து, அதன்மேல் கனமான பெட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டு, ஐவரும் காருக்குள் போய் உட்காருங்கள். நிற்கிற கூடாரம் கிழியும்; படுத்திருக்கிற கூடாரம் நனையும், அவ்வளவுதான். இடி கேட்கிற தொலைவில் மின்னல் இருந்தால் கூடாரம் காப்பாற்றாது. உலோகக் கூரையுள்ள கார் காப்பாற்றும்.

அலைமகள் எழுதியது:

ஓரத்துமரம் அண்ணா எழுதியதில் முளையும் கயிறும் இடிமழையும் முற்றிலும் சரி. ஆனால் "மரங்களுக்குப் பின்னால் போங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டதை நான் ஏற்கவில்லை. ஜூன் கடைசியில், காற்று புகாத புதருக்குப் பின்னால், ஐந்து வயதுப் பிள்ளையோடு மாலை எட்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பிரெய்ரிக் கொசுவுக்குக் காற்றுதான் ஒரே எதிரி. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தாலே கொசு பறக்கத் திணறும். கரையோரத்தில் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிற குடும்பங்களையும், புதருக்குப் பின்னால் கைகால்களை அடித்துக்கொண்டு கூடாரத்துக்குள் ஓடுகிற குடும்பங்களையும் ஒரே மாலையில் பார்த்திருக்கிறேன். எனவே, நல்ல தாழ்ந்த கூடாரம் இருந்தால் நீரோரத்து இடமே மேல் என்பது என் கருத்து.

கொசு மருந்தைப் பற்றி ஒன்று. பிள்ளைகளுக்கு 20 விழுக்காடு ஐகாரிடின் கலந்தது நல்லது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் போடலாம் என்று கனடா சுகாதாரத் துறை அனுமதிக்கிறது. டீட் (DEET) கலந்த மருந்து என்றால் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம். புல்லில் நடந்துவிட்டு வந்தால் உண்ணி இருக்கிறதா என்று முழங்காலின் பின்புறம், இடுப்பு, காதுமடல், முடிக்குள் எல்லாம் பாருங்கள். ஜூனில் அது அதிகம். இருந்தால் முள்வாங்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடுங்கள். எண்ணெய் தடவுவது, சூடு காட்டுவது எல்லாம் வேண்டாம்.

நீங்கள் இடத்தை மட்டும்தான் கேட்டீர்கள். பிள்ளைகள் இறங்கப்போகிற தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. பஃபலோ பவுண்டும் எக்கோ வேலியும் க்வாப்பெல் பள்ளத்தாக்கில் இருப்பவை; அங்குள்ள ஏரிகளில் ஆழம் குறைவு, சத்து அதிகம். ஜூனில் பெரும்பாலும் குளிக்கலாம். ஜூலை, ஆகஸ்டு வெயிலில் நீலப்பச்சைப் பாசி பூத்துவிடும். பச்சைப் பெயின்டைக் கொட்டிக் கலக்கியதுபோலவோ, வெட்டிய புல்லைத் தூவியதுபோலவோ தண்ணீர் தெரிந்தால் பிள்ளைகளையும் நாயையும் இறக்காதீர்கள். அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஆழமற்ற வெதுவெதுப்பான கரைநீரில் இன்னொரு தொல்லையும் உண்டு. நத்தையிலிருந்தும் பறவைகளிலிருந்தும் வருகிற ஒரு நுண்புழு தவறுதலாக மனிதத் தோலுக்குள் நுழைந்து, அங்கேயே இறந்துபோய், பல நாள் அரிப்பைக் கொடுக்கும். ஆபத்தானதன்று, ஆனால் ஐந்து வயதுக்காரருக்கு அதை விளக்கிச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நீரிலிருந்து ஏறிய உடனே, காற்றில் உலரவிடாமல், துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டால் பெரிதும் தப்பிக்கலாம்.

காற்றடைத்த மிதவைகளை, அதாவது அன்னம், டோனட் என்று கடைகளில் தொங்குகிறவற்றை, ஏரிக்குக் கொண்டுவரவே வேண்டாம் என்பேன். கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று வீசும் நாளில் கரையோரம் அலையே இல்லாமல் அமைதியாகத் தோன்றும்; மிதவை இருபது அடி போன பிறகுதான் காற்று அதைப் பிடிக்கும். பிறகு நீந்திப் பிடிக்க முடியாது. உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு முழங்கால் நீரில் ஆடட்டும்; அதுவே அவர்களுக்குத் திருவிழாதான்.

ஓரத்துமரம் எழுதியது:

அலைமகள் சொன்ன கொசுவை நான் குறைத்து மதிப்பிட்டது உண்மைதான். என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் மறந்துவிட்டேன். அப்படியென்றால் பகலை நீரோரத்தில் கழித்துவிட்டு, படுக்க மட்டும் பின்வரிசைக்குப் போகட்டும். உணவு மேசை இருக்கிற இடத்தில் வலைப்பந்தல் ஒன்று கட்டிக்கொண்டால் மாலையையும் சமாளிக்கலாம். ஆனால் அந்தப் பந்தலுக்கும் கயிறு கட்ட வேண்டும். கட்டாத பந்தல்தான் முகாமில் முதலில் பறப்பது. அவரிடம் இருப்பது நேர்ச்சுவர்க் கூடாரம் என்பதால் முதல் வரிசை வேண்டாம் என்ற கருத்தை மட்டும் நான் விடுவதாக இல்லை.

அணைக்கரையான் எழுதியது:

மூன்றில் டக்ளஸைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்வதற்காகவே உள்நுழைந்தேன். ரெஜைனாவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம்; மற்ற இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள் என்பதால் வெள்ளிக்கிழமை மாலை நகரமே அங்கே இருக்கும். தொலைவே டக்ளஸில் கூட்டத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. பாசித் தொல்லையும் ஒப்பீட்டளவில் குறைவு. ஏனென்றால் அது டீஃபன்பேக்கர் ஏரி, பள்ளத்தாக்கில் தேங்கிய குட்டை ஏரியன்று. தெற்கு சஸ்காட்சுவான் ஆற்றில் 64 மீட்டர் உயரமும் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமும் கொண்ட கார்டினர் மண்ணணையைக் கட்டி, 1967-இல் முடித்து, தேக்கிய நீர் அது. நீளம் 225 கிலோமீட்டர். ராக்கி மலைகளின் பனி உருகித்தான் இந்த ஆறு நிரம்புகிறது என்பதால் ஜூன் கடைசியிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் உதடு நீலமாகி ஏறிவிடுவார்கள், பிறகு மணலில்தான் விளையாட்டு. இதே ஏரியிலிருந்து க்வாப்பெல் ஆற்று அணை வழியாகத் திறந்துவிடும் நீர்தான் பஃபலோ பவுண்டுக்குப் போய், அங்கிருந்து உங்கள் ரெஜைனா வீட்டுக் குழாய்க்கு வருகிறது. மகளிடம் சொல்லுங்கள், வரைபடத்தில் விரல்வைத்துத் தேடிப் பார்ப்பாள்.

அணைக்கட்டு ஏரி என்பதால் ஒரு குணம் உண்டு. குளிர்காலத்தில் மின்சாரத்துக்காக நீரைத் திறந்துவிட்டு, மே, ஜூனில் மீண்டும் நிரப்புகிறார்கள். ஆண்டுக்குள்ளேயே நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கும். மே மாதத்துப் புகைப்படத்தில் பார்த்த அகன்ற கடற்கரை, நீங்கள் போகும்போது பாதியாகச் சுருங்கியிருக்கலாம். செங்குத்தான மண்கரைகளின் விளிம்பில் நிற்க வேண்டாம்; அலை அடியில் அரித்துவிட்டிருக்கும், மேலே புல் மூடியிருப்பதால் தெரியாது.

மணற்கரையில் நடக்கும்போது காலடியையும் பாருங்கள். பைப்பிங் ப்ளோவர் என்னும் சிறிய உப்புக்கொத்திப் பறவை, அழிவின் விளிம்பில் இருப்பது, இந்த ஏரியின் திறந்த கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடுகிறது. முட்டையும் கூழாங்கல்லைப் போலவே இருக்கும். தாய்ப்பறவை இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு உங்களை ஏமாற்றி அழைத்துப் போனால், கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

டக்ளஸில் மணற்குன்றுகளும் உண்டு. காலை எட்டு மணிக்கு முன்பாகவே நடந்துவிட்டு வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் மணல் சுடும், நிழல் கிடையாது. தரையோடு படர்ந்த சப்பாத்திக்கள்ளியைப் பார்த்தால் உங்கள் அம்மா வியந்துபோவார். பனியூரில் கள்ளியா என்று என் மாமியார் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சரியான விடை இல்லை.

பக்கத்தில் எல்போ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆறு முழங்கைபோல் மடங்கி வடக்கே திரும்புகிற இடம் என்பதால் அந்தப் பெயர். அங்கே ஒரு கல் நினைவுச்சின்னத்தைப் பார்க்காமல் வராதீர்கள். படுத்திருக்கும் காட்டெருமையின் வடிவில், பனிப்பாறை இழுத்துக்கொண்டு வந்து விட்டுப்போன ஏறத்தாழ 400 டன் பாறை ஒன்று இந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது. க்ரீ மக்களும் அசினிபாயின் மக்களும் அதை மிஸ்டசேனி என்று வணங்கினார்கள். அணை நீர் ஏறுவதற்கு முன் அதை வேறிடத்துக்கு மாற்றப் பேச்சு நடந்து, முடியாமல் போய், 1966-இல் வெடிவைத்துப் பிளந்துவிட்டார்கள். சிதறிய துண்டுகளில் சில எல்போவில் இருக்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை நீங்கள் குளிக்கப்போகிற ஏரியின் அடியில் கிடக்கின்றன. அணை கட்டியவர்களின் பெயர்ப்பலகைகளைப் படிப்பவர்கள் இதையும் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

விறகை ரெஜைனாவிலிருந்து ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். எல்ம் மர நோய் பரவுவதால் இந்த மாகாணத்தில் எல்ம் விறகை எடுத்துச் செல்வதும் சேமித்து வைப்பதும் சட்டப்படி குற்றம். எது எல்ம் என்று நம்மால் பிரித்தறிய முடியாது. பூங்காவிலோ வழியிலுள்ள ஊரிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நெருப்புத் தடை இருக்கிறதா என்று முதல்நாளே பாருங்கள். எப்படியும் சமையலுக்கு இரட்டை அடுப்பு வைத்த கேஸ் ஸ்டவ் வேண்டும், அதற்கு மூன்று பக்கமும் காற்றுமறைப்பு வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு பாத்திரம் சோறு வேகவே ஒரு சிலிண்டர் போய்விடும்.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோரும் காற்றையும் ஏரியையும் எழுதிவிட்டார்கள். தம்பியின் அம்மா எப்படித் தூங்குவார் என்று யாரும் எழுதவில்லை. எனக்கும் அறுபதைத் தாண்டிவிட்டதால் நான் எழுதுகிறேன்.

தரையில் படுத்து எழுவது முழங்காலுக்குக் கஷ்டம். மடக்குக் கட்டில் ஒன்று வாங்குங்கள். உங்கள் நேர்ச்சுவர்க் கூடாரத்துக்கு இருக்கிற ஒரே நன்மை, அதில் கட்டில் போடலாம் என்பதுதான். காற்றடைத்த மெத்தையை நம்பாதீர்கள். உள்ளே இருக்கிற காற்று தரையின் குளிர்ச்சியை முதுகுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். மேலே மூன்று கம்பளி போட்டாலும் கீழே குளிரும். கட்டிலானாலும் மெத்தையானாலும் அதன்மேல், நுண்ணறைகளில் காற்று அடைபட்ட (closed-cell) நுரைப்பாய் ஒன்றை விரித்து, பிறகு படுக்க வேண்டும். பகலில் 30 பாகை வெயில் அடித்த அதே நாளில் இரவு 8 பாகைக்கு இறங்கிவிடும். காற்றில் ஈரம் இல்லாததாலும் வானம் திறந்திருப்பதாலும் தரை சூட்டை வைத்துக்கொள்ளாது. உல்லன் குல்லாவும் காலுறையும் தலையணைக்கடியில் இருக்கட்டும். வெந்நீர்ப் பை ஒன்றைப் போர்வைக்குள் வைத்துவிட்டால் அம்மா விடியும்வரை தூங்குவார். குளிருக்காகக் கூடாரத்துக்குள் கரியடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ கொண்டுபோகவே கூடாது. மணமில்லாத நச்சுவாயு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இன்னொன்று. சஸ்காட்சுவானில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனாலும் ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பதே கால் ஆகிவிடும், வெளிச்சம் அடங்கப் பத்தரை ஆகும், காலையில் ஐந்துக்கு முன்பே விடிந்துவிடும். பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் கண்மறைப்புத் துணி எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறை இருக்கும் கட்டடத்திலிருந்து நூறடிக்குள் இடம் எடுங்கள். நீரோரமா மரத்தடியா என்ற வழக்கை அதற்குப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.

புதுக்குடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை திரும்பி வந்தோம். கூடாரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கெடு முடிந்துவிட்டிருந்தது. ஆகவே டக்ளஸில், இரண்டு வரிசை தள்ளி, சாஸ்கடூன் பெர்ரிப் புதருக்குப் பின்னால், நிலாமுற்றம் அம்மா சொன்னபடி கழிப்பறைக்கு அருகில் இடம் எடுத்தோம்.

முதல் இரண்டு இரவும் காற்றே இல்லை. அலைமகள் அக்கா சொன்ன கொசு மட்டும் வஞ்சனை இல்லாமல் வந்தது. முதல் வரிசைக்காரர்கள் நள்ளிரவு வரை வெளியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்த மனைவி, என்னிடம் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை ஐந்தரைக்கு மேற்கே கருத்தது. ரேடார் படத்தில் எங்களுக்கு வடக்கே போய்விடும் என்று தோன்றியதால் நான் அசையாமல் இருந்தேன். அம்மாதான், "காக்கா குருவிச் சத்தமே இல்லை, வாடா காருக்கு" என்று பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வேறு வழியின்றி நானும் மனைவியும் கம்பிகளை உருவிக் கூடாரத்தைச் சாய்த்து, ஐஸ் பெட்டியையும் அரிசிப் பெட்டியையும் மேலே ஏற்றினோம். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கரைப்பக்கமிருந்து ஒரு நீலநிறப் பந்தல் நான்கு கால்களோடும் எங்கள் கார்க் கண்ணாடிக்கு முன்னால் உருண்டுபோனது. பிறகு கால் மணி நேரம் மழை, பட்டாணி அளவுக்கு ஆலங்கட்டி. மகன் அதைப் பொறுக்கி ஐஸ் பெட்டியில் போட வேண்டும் என்று அழுததைத் தவிரச் சேதம் எதுவும் இல்லை. மழை விட்டதும் பந்தலின் உரிமையாளர் தேடிக்கொண்டு வந்தார். புதரிலிருந்து அதை மீட்டுக் கொடுத்தோம். அவர் தங்கியிருந்தது முதல் வரிசை. அவருடைய தாழ்ந்த கூடாரம் மட்டும் இருபது கயிற்றோடு அசையாமல் நின்றது. ஆகவே அலைமகள் அக்காவும் தோற்கவில்லை, ஓரத்துமரம் அண்ணனும் தோற்கவில்லை. அடுத்த முறைக்குத் தாழ்ந்த கூடாரம் வாங்குவது என்றும், முதல் வரிசை எடுப்பது என்றும் வீட்டில் முடிவாகிவிட்டது.

எல்போவில் அந்தக் கல்லையும் பார்த்தோம். மகள் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

இப்போது ஒரே ஒரு கேள்வி: ஈரமான கூடாரத்தை அப்படியே சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே அரைப்படி மணல் வேறு இருக்கிறது. என்ன செய்வது?

ஓரத்துமரம் எழுதியது:

இன்றே பிரித்துவிடுங்கள், இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்து நாற்றம் நிரந்தரமாகிவிடும். முதலில் கார் ஷெட்டில் தலைகீழாகத் தொங்கவிட்டு, மணல் முழுதும் காய்ந்து உதிரும்வரை உதறுங்கள். ஈர மணலைத் தேய்த்தால் துணியின் மேல்பூச்சு கெட்டுவிடும். ஜிப்பின் பற்களுக்கு இடையே பழைய பல்துலக்கியால் துடையுங்கள். வாஷிங் மெஷினில் போடாதீர்கள், நான் போட்டிருக்கிறேன்.